சாவி யார் கையில்? கட்டற்ற மென்பொருள் திட்டத்தில் பெண்கள் தலைமைக்கு வரும் பாதையை அமைப்பது எப்படி

ஒரு கட்டற்ற மென்பொருள் திட்டத்தில் அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதை உட்கார்ந்து எண்ணிவிடலாம். நிரல் சேமிக்கப்படும் முதன்மைக் களஞ்சியத்தில் பிறரின் மாற்றத்தைச் சேர்க்கும் மெர்ஜ் பொத்தானை அழுத்தும் உரிமை, வெளியீடு அசல்தான் என்று மின்கையொப்பமிடும் ஜிபிஜி சாவி, சர்வரை முழுதாகக் கட்டுப்படுத்தும் ரூட் அணுக்கம், டொமைன் பதிவாகியிருக்கும் கணக்கு, நன்கொடைப் பணத்தைச் செலவிடக் கையெழுத்திடும் உரிமை, உரையாடல் அறையிலிருந்து ஒருவரை நீக்கும் உரிமை. இவை யாரிடம் இருக்கின்றனவோ அவர்தான் தலைமை. "எல்லோருக்கும் இங்கே இடமுண்டு" என்று முகப்பில் எழுதிவிட்டு, இத்தனை சாவிகளும் ஆண்டுக்கணக்கில் அதே நான்கு ஆண்களிடம் இருந்தால் அந்த வாசகம் வெறும் கண்துடைப்பு.

கட்டற்ற மென்பொருளின் உரிமம் நான்கு சுதந்திரங்களைத் தருகிறது: எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம், நிரலைப் படித்து மாற்றலாம், நகலெடுத்துக் கொடுக்கலாம், மாற்றியதையும் பகிரலாம். ஆனால் யாருடைய மாற்றம் உள்ளே போகும், அதை யார் தீர்மானிப்பார் என்பதைப் பற்றி உரிமம் ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. அந்த வெற்றிடத்தைப் பழக்கம் நிரப்பிவிடுகிறது. மாலை நேரம் முழுக்கக் கையில் இருப்பவருக்கும், பழைய ஆட்களோடு நெருக்கம் உள்ளவருக்கும் சாதகமானது அந்தப் பழக்கம்.

இதன் விளைவு எண்களில் தெரியும். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியில் நடந்து 2006இல் வெளியான ஆய்வு, கட்டற்ற மென்பொருள் பங்களிப்பாளர்களில் பெண்கள் சுமார் 1.5 விழுக்காடு என்றது; உரிமைக்கட்டுள்ள, அதாவது நிரலைத் திறந்து பகிராத மென்பொருள் துறையில் அது 28 விழுக்காடு. நிரல் பகிரும் தளமான கிட்ஹப் 2017இல் நடத்திய திறமூலக் கருத்தாய்வில் பதிலளித்தவர்களில் 95 விழுக்காட்டினர் ஆண்கள், 3 விழுக்காட்டினர் பெண்கள், 1 விழுக்காட்டினர் இருமைக்கு அப்பாற்பட்ட பாலினத்தவர். கதவு பூட்டப்படாத துறையில், பூட்டிய துறையை விடவும் பெண்கள் குறைவு. "வர விருப்பம் இல்லை போலும்" என்று கடந்துபோக முடியாத இடைவெளி இது.

கீழே வருவது அந்தச் சாவிகள் கைமாறும் பாதையை அமைக்கும் முறை. பெண்கள் என்று எழுதும் இடங்களில் திருநரையும் இருமைக்கு அப்பாற்பட்டவர்களையும் சேர்த்தே சொல்கிறோம். அவர்களுக்கே உரிய சிக்கல்கள் தனியாக வரும்.

## முதல் வேலை: சாவிப் பட்டியல்

ஒரு அட்டவணையைத் திறந்து ஐந்து பத்திகள் போடுங்கள்: என்ன சாவி, யாரிடம் இருக்கிறது, எப்போதிலிருந்து, அவர் இல்லாவிட்டால் மாற்று ஆள் யார், அவருக்கு எப்படிக் கிடைத்தது. நடுத்தர அளவுள்ள திட்டத்தில்கூட பத்துப் பதினைந்து வரிகள் தேறும். பலரும் மறக்கும் வரிகள் சில உண்டு: ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகச் சோதிக்கும் தொடர் ஒருங்கிணைப்புச் சேவையின் நிர்வாகக் கணக்கு, பொதி (நிறுவத் தயாரான தொகுப்பு) வெளியிடும் டோக்கன், சமூக ஊடகக் கணக்கின் கடவுச்சொல், மொழிபெயர்ப்புத் தளத்தின் ஒருங்கிணைப்பாளர் பொறுப்பு, மாநாட்டில் பேசுபவரைத் தேர்வு செய்யும் குழு.

கடைசிப் பத்தியை நிரப்பும்போதுதான் உண்மை வெளிவரும். "கேட்டார், கொடுத்தோம்", "அவர்தான் ஆரம்பத்திலிருந்து இருக்கிறார்", "ஒரு சந்திப்பில் பேசிக்கொண்டோம்" என்ற பதில்கள் வரிசையாக வந்தால், உங்கள் திட்டத்தில் தலைமைக்கு எழுதப்பட்ட வழி எதுவும் இல்லை. கேட்கத் துணிந்தவருக்கும் அந்தச் சந்திப்பில் இருந்தவருக்கும் மட்டும் திறந்த வழி அது. யாரும் கெட்ட எண்ணத்தோடு அடைத்ததல்ல. ஆனால் அடைபட்டே இருக்கிறது.

மாற்று ஆள் இல்லாத வரிகளைத் தனி நிறத்தில் குறியுங்கள். முதலில் கைமாற வேண்டியவை அவைதான். இரண்டாவது ஆள் தேவை என்பதை எவரும் மறுக்க முடியாது என்பதால், புதிய தலைமை உள்ளே வரும் இயல்பான இடமும் அதுவே.

## எண்ணுவது எப்படி, எதை எண்ணக்கூடாது

யார் எந்த மாற்றம் செய்தார் என்று காட்டும் கமிட் பதிவுகளை இழுத்து, பெயரை வைத்துப் பாலினத்தை ஊகிக்கும் நிரலை ஓட்டி ஒரு விழுக்காடு கண்டுபிடிப்பது பலரும் செய்யும் தவறு. அந்த நிரல்கள் சில மொழிகளின் பெயர்களுக்கு மட்டுமே ஓரளவு பொருந்தும். திருநரைத் தவறாக அடையாளப்படுத்தும், இருமைக்கு அப்பாற்பட்டவர்களை இல்லாமலே ஆக்கிவிடும். தெரிய வேண்டுமானால் ஆளையே கேளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை பெயரில்லாத, விருப்பமிருந்தால் மட்டும் நிரப்பும் படிவம் போதும். பாலினக் கேள்விக்குச் சொந்தச் சொல்லில் எழுத ஒரு பெட்டியும், சொல்ல விருப்பமில்லை என்ற தெரிவும் வேண்டும். ஐந்து பேருக்குக் குறைவாக வரும் எந்தக் கூட்டுத்தொகையையும் வெளியிடாதீர்கள். 40 பேர் உள்ள திட்டத்தில் "வெளியீட்டுக் குழு, பெண்: 1" என்று போட்டால் அது புள்ளிவிவரம் இல்லை, ஒருவரை விரல் நீட்டிக் காட்டுவது.

பாலினம் தெரியாமலே அளக்கக்கூடிய மூன்று எண்கள் இதைவிடப் பயன் தரும். புதியவரின் முதல் பேட்சுக்கு (அவர் அனுப்பும் நிரல் மாற்றத்துக்கு) முதல் பதில் வர எத்தனை மணி நேரம் ஆகிறது? முதல் பேட்ச் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் 90 நாட்களுக்குள் இரண்டாவதை அனுப்புகிறார்கள்? கடந்த இரண்டாண்டுகளில் மெர்ஜ் உரிமை பெற்ற புதியவர்கள் எத்தனை பேர்? மூன்றாவதன் விடை பூஜ்யம் என்றால், வாசலில் எத்தனை பெண்களை வரவேற்றாலும் அவர்கள் வாசலிலேயே நிற்பார்கள்.

மாற்றத்தைச் சேர்க்கக் கோரும் கிட்ஹப் புல் ரிக்வெஸ்ட்டுகளைப் பற்றி 2017இல் வெளியான ஓர் ஆய்வு இங்கே உதவும். ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் பெண்கள் அனுப்பியவை 78 விழுக்காட்டுக்கு மேல் ஏற்கப்பட்டன. ஆண்களுடையவை 74 விழுக்காட்டுச் சொச்சம். ஆனால் திட்டத்துக்கு வெளியாட்களாக இருந்து, பெண் என்று கண்டுகொள்ளும்படியும் இருந்தவர்களின் பேட்சுகள் ஆண்களுடையவற்றைவிடக் குறைவாகவே ஏற்கப்பட்டன. எனவே பாரபட்சம் கடுமையாக அடிப்பது வெளியாளாக இருக்கும் காலத்தில். அந்தக் காலத்தைச் சுருக்குவதே திட்டத்தின் வேலை.

## முதல் பேட்சிலிருந்து இரண்டாவதற்கு

2006இல் லினக்ஸ் மேசைத்தளமான க்னோம் திட்டத்துக்கு, கூகுள் சம்மர் ஆஃப் கோட் என்ற மாணவர் பயிற்சி வழியாக 181 விண்ணப்பங்கள் வந்தன. அவற்றில் ஒன்றுகூடப் பெண்ணிடமிருந்து இல்லை. அதே ஆண்டு, போட்டியைப் பேசாமல் கற்றலையும் வழிகாட்டலையும் முன்வைத்து, பெண்களுக்கென்று தனியாக ஓர் அழைப்பை வெளியிட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. திறமைக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. அழைப்பின் வாசகமும் அது போய்ச்சேர்ந்த இடமும்தான் மாறின. அந்த முயற்சிதான் பிறகு அவுட்ரீச்சி என்ற உதவித்தொகைப் பயிற்சியாக வளர்ந்தது.

உங்கள் அழைப்பு வாசகம் என்பது பெரும்பாலும் புதியவருக்கான இஷ்யூக்கள், அதாவது செய்ய வேண்டிய வேலைக் குறிப்புகள்தான். "ஏற்றுமதியில் தேதி தவறு" என்று ஒரு வரி எழுதி எளிது என்று லேபிள் ஒட்டினால், அதை எடுக்கப் போகிறவர் ஏற்கெனவே நிரலை அறிந்த ஒருவர்தான். அதே இஷ்யூவை இப்படி எழுதுங்கள்:

"ஏற்றுமதிக் கோப்பில் மாதமும் நாளும் இடம் மாறி வருகின்றன. வரவழைக்க: மாதிரித் தரவைத் திறந்து, ஏற்றுமதி பொத்தானை அழுத்தி, மூன்றாம் பத்தியைப் பாருங்கள். காரணம் தேதியை வடிவமைக்கும் செயற்கூறில் இருக்க வேண்டும். அது ஏற்றுமதிக் கோப்பகத்தின் இரண்டாவது கோப்பில் உள்ளது. திருத்திய பின் தேதிச் சோதனைகளை ஓட்டுங்கள். புதியவருக்கு 3 முதல் 4 மணி நேரம் ஆகலாம், கெடு எதுவும் இல்லை. சந்தேகம் வந்தால் இங்கேயே கேளுங்கள், இரண்டு நாளுக்குள் பதில் வரும்."

இதை எழுத இருபது நிமிடம் ஆகும். நீங்களே திருத்தினால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அந்தப் பத்து நிமிட ஆசையை அடக்குவதுதான் இங்கே பெரிய கட்டுப்பாடு. எப்போதும் ஐந்து முதல் எட்டு இஷ்யூக்கள் இப்படித் தயாராக இருக்கட்டும். ஒருவர் எடுத்துக்கொண்டால் 14 நாட்களுக்கு வேறு யாரும் தொடக்கூடாது என்ற விதியையும் பங்களிப்பு வழிகாட்டியில் எழுதுங்கள். இரவில் மட்டும் நேரம் கிடைக்கும் ஒருவர் மூன்று நாள் உழைத்துக் கொண்டுவரும்போது, பழைய ஆள் ஒருவர் ஒரே மாலையில் அதை முடித்துவைத்திருந்தால், முதலாமவர் சத்தமில்லாமல் போய்விடுவார்.

அடுத்தது மதிப்பாய்வு. "இது சரியில்லை, நாங்கள் இப்படிச் செய்வதில்லை" என்ற குறிப்பில் தகவல் எதுவுமில்லை, "நாங்கள்" என்ற வேலி மட்டும் இருக்கிறது. அதையே இப்படி எழுதலாம்: "கோப்பைத் திறக்கும் இடம் சரி. 48ஆம் வரியில் பிழை வந்தால் கோப்பு மூடப்படாமல் தங்கிவிடும். இறக்குமதி நிரலில் இதற்கு ஒரு துணைச் செயற்கூறு இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். சோதனை எழுதிப் பழக்கமில்லையென்றால் சொல்லுங்கள், ஒன்றை எழுதிக் காட்டுகிறேன்." எது சரி, எது எங்கே உடையும், தீர்வு எங்கே இருக்கிறது, அடுத்து யாரைக் கேட்பது என்று நான்கும் இதில் உண்டு. முதல் பதில் 72 மணி நேரத்துக்குள் போக வேண்டும். முழு மதிப்பாய்வுக்கு நேரமில்லை என்றால் "பார்த்தேன், வெள்ளிக்கிழமை விரிவாக எழுதுகிறேன்" என்பதே போதும். இடைவெளி, உள்தள்ளல், பெயரிடும் பாணி ஆகியவற்றை ஆள் சொல்லித் திருத்த வேண்டியதில்லை. அந்த வேலையை நிரலைத் தானே ஒழுங்குபடுத்தும் வடிவமைப்புக் கருவியிடம் ஒப்படைத்தால் மனக்கசப்பில் பாதி குறையும்.

தமிழில் ஆவணம் எழுதுவோருக்கும் மொழிபெயர்ப்போருக்கும் ஒரு வசதி உண்டு. பயனர், நிரலாளர், பராமரிப்பாளர், அவர் என்று மரியாதை விகுதியோடு எழுதினாலே எல்லாப் பாலினத்தையும் தழுவிவிடும். சாய்கோடு போட்டு இரட்டையாக எழுத வேண்டிய தேவையே இல்லை. ஆங்கில மூலத்தைப் பார்த்து "நிரலாளன் தன் கடவுச்சொல்லை" என்று எழுதப்பட்ட பழைய சரங்கள் (திரையில் வரும் வாசகங்கள்) கிடைத்தால் திருத்திவிடுங்கள். புதிய மொழிபெயர்ப்பாளருக்கு அது நல்ல முதல் பேட்ச்.

## ஏணியை எழுதிவையுங்கள்

இந்த வழிகாட்டியின் மையம் இதுதான். பங்களிப்பாளர் நிலையிலிருந்து பராமரிப்பாளர் நிலைக்கு எப்படிப் போவது என்பது எழுத்தில் இல்லாத திட்டத்தில், ஏற்கெனவே உள்ளவரைப் போலவே இருப்பவர்தான் ஏறுவார். "தகுதியானவர் தானே மேலே வருவார்" என்பது பலர் மனமார நம்பும் வாசகம். ஆனால் தகுதி என்ன என்று எழுதாதவரை, அதை அளப்பது பரிச்சயம்தான்.

ஒரே தாவலில் முழு உரிமை கொடுக்காமல் படிகள் வையுங்கள். கிட்ஹப்பில் நிறுவனக் கணக்கின் களஞ்சியங்களுக்கு ரீட், ட்ரியாஜ், ரைட், மெயின்டெயின், அட்மின் என்று ஐந்து நிலைகள் ஏற்கெனவே உள்ளன. பல திட்டங்கள் முதலாவதையும் கடைசியையும் மட்டுமே பயன்படுத்துகின்றன. இஷ்யூக்களை வகைப்படுத்தும் உரிமை, பிறகு ஒரு பகுதிக்கு மட்டும் மதிப்பாய்வுப் பொறுப்பு, பிறகு முழு மெர்ஜ் உரிமை என்று பிரித்துக்கொள்ளுங்கள். டெபியன் என்ற லினக்ஸ் விநியோகம் 2007இல் டெபியன் மெயின்டெய்னர் என்ற நடுப்படியைச் சேர்த்தது. முழு டெவலப்பர் ஆகாமலே, குறிப்பிட்ட சில பொதிகளை மட்டும் ஒருவர் நேரடியாகப் பதிவேற்ற அது வழி செய்தது. நடுப்படி இருந்தால் ஆபத்து சிறிதாகிறது. ஆபத்து சிறிதானால் கொடுப்பவரின் தயக்கமும் குறைகிறது.

விதியை இந்த அளவுக்குத் துல்லியமாக எழுதலாம்:

"கடந்த 6 மாதங்களில் 10 மாற்றங்கள் சேர்க்கப்பட்டவர், அல்லது 40 இஷ்யூக்களை வகைப்படுத்தியவர், அல்லது ஒரு வெளியீட்டின் ஆவணங்களை முழுமையாகப் புதுப்பித்தவர் மதிப்பாய்வாளராகத் தகுதி பெறுகிறார். ஒவ்வொரு காலாண்டின் முதல் வாரத்திலும் தகுதி பெற்றவர்களின் பட்டியல் எடுக்கப்படும். யாரும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. ஒப்புதல் கேட்டு அவருக்கு எழுதப்படும். 7 நாட்களில் காரணத்தோடு எதிர்ப்பு வராவிட்டால் உரிமை வழங்கப்படும். எதிர்ப்பு வந்தால் காரணம் அவருக்குத் தெரிவிக்கப்படும்."

இதில் கனமான வாக்கியம் "யாரும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை" என்பதுதான். தானாகக் கேட்டுப் பெறும் முறையில், பாதித் தகுதியோடு கேட்பவர் முந்திக்கொள்வார். இரண்டு மடங்கு தகுதியிருந்தும் "இன்னும் கொஞ்சம் கற்றுக்கொள்கிறேன்" என்று நிற்பவர் பின்தங்குவார். அப்படித் தயங்கி நிற்பவர்களில் பெண்கள் அதிகம், ஏனென்றால் துணிந்து கேட்ட பெண்ணுக்கு என்ன பெயர் கிடைக்கிறது என்பதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். பட்டியலைத் திட்டமே எடுத்தால் அந்தச் சுமை அவர்கள் தோளிலிருந்து இறங்குகிறது. காரணம் சொல்ல வேண்டும் என்ற வரியும் முக்கியம். "ஏதோ இன்னும் நேரம் வரவில்லை என்று தோன்றுகிறது" என்பதை எழுத்தில் வைக்கச் சொன்னால் பெரும்பாலும் யாரும் வைக்க மாட்டார்கள்.

ஆவணமும் வகைப்படுத்தலும் தகுதிக் கணக்கில் சேர்ந்திருப்பதைக் கவனியுங்கள். சந்திப்புக் குறிப்பு எழுதுவது, புதியவருக்குப் பதில் சொல்வது, வெளியீட்டுக் குறிப்பு தொகுப்பது, சண்டையை ஆற்றுவது ஆகிய ஒட்டுவேலைகள் இல்லாமல் எந்தத் திட்டமும் நிற்காது. ஆனால் கமிட் எண்ணிக்கையில் அவை தெரியாது. பெண்கள் மேல் இவை சரிவதும், பிறகு "அவர் நிரல் அதிகம் எழுதவில்லையே" என்று ஏணியில் அவர்கள் நிறுத்தப்படுவதும் திரும்பத் திரும்ப நடக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டும்: ஒட்டுவேலையைத் தகுதியாக எண்ணுங்கள், அதே நேரம் அதைச் சுழற்சி முறையில் எல்லோருக்கும் பிரியுங்கள். சந்திப்புக் குறிப்பெடுப்பவரின் பெயரை அகரவரிசையில் மாற்றினாலே போதும். தன் முறை வந்தபோது தவிர்ப்பவரின் பெயரும் குறிப்பில் வரட்டும்.

முடிவெடுக்கும் குழுவுக்கு பைத்தான் நிரல்மொழி நல்ல மாதிரி. 1991இல் வெளியான அந்த மொழிக்கு முதல் பெண் கோர் டெவலப்பராக (மையக் குழு நிரலாளராக) மரியாட்டா விஜயா வந்தது 2017இல்தான். மொழியை உருவாக்கிய குவிடோ வான் ராசம், பெண்களுக்குத் தாமே வழிகாட்டுவதாகப் பொதுவில் சொல்லி, அவருக்கு வழிகாட்டியாகவும் இருந்தார். 2018இல் குவிடோ தலைமைப் பொறுப்பிலிருந்து விலகிய பின் திட்டம் ஐந்து பேர் கொண்ட வழிநடத்தும் குழுவுக்கு மாறியது. ஒரே நிறுவனத்தில் பணிபுரிபவர்கள் அதில் இரண்டு பேருக்கு மேல் இருக்கக்கூடாது. 2019இல் தேர்வான முதல் குழுவில் கரோல் வில்லிங் என்ற பெண்ணும் இடம்பெற்றார். புதிய கோர் டெவலப்பரைச் சேர்க்க மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வாக்கு வேண்டும். எல்லாமே எழுத்தில் உண்டு.

எழுதினால் மட்டும் எல்லாம் நடந்துவிடுவதில்லை. டெபியனில் ஆண்டுதோறும் தலைவர் தேர்தல் நடக்கிறது, விதிகளும் தெளிவானவை. ஆனாலும் தொடக்கத்திலிருந்து 2024 தேர்தல் வரை அந்தப் பொறுப்புக்கு வந்தவர்கள் எல்லோரும் ஆண்கள். ஸ்ருதி சந்திரன் 2020, 2021, 2024 ஆகிய ஆண்டுகளில் போட்டியிட்டு, பன்முகத்தன்மையைத் தேர்தலின் மையப் பேச்சாக்கினார். ஏணியின் மேல்படிக்கு இன்னொன்றும் தேவை: பரிந்துரைப்பவர். வழிகாட்டி எப்படிச் செய்வது என்று சொல்லித்தருவார். பரிந்துரைப்பவரோ, புதியவர் இல்லாத அறையில் புதியவரின் பெயரைச் சொல்வார். மூத்த பராமரிப்பாளர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருவரையாவது பெயர் சொல்லி முன்மொழிய வேண்டும் என்று பொறுப்புப் பட்டியலிலேயே சேர்த்துவிடுங்கள்.

## முடிவு எங்கே எடுக்கப்படுகிறது

உரையாடல் அறையில் நள்ளிரவில் மூன்று பேர் பேசி முடித்ததைக் காலையில் அறிவிப்பது பல திட்டங்களின் வழக்கம். வீட்டுப் பொறுப்பும் பராமரிப்பு வேலையும் உள்ளவர்கள் அந்த நேரத்தில் இருக்க மாட்டார்கள். அப்பாச்சி அறக்கட்டளையின் கட்டற்ற மென்பொருள் திட்டங்கள் வாக்கெடுப்பைக் குறைந்தது 72 மணி நேரம் திறந்து வைப்பது நெடுங்கால மரபு. அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். அரட்டையில் விவாதிக்கலாம், முடிவு மட்டும் எழுத்தில், 72 மணி நேரம் கழித்து. நேரலைச் சந்திப்பு அவசியமென்றால் நேரத்தை மாதந்தோறும் மாற்றி வையுங்கள். நிகழ்ச்சிநிரல் இரண்டு நாள் முன்னதாக வரட்டும். வர முடியாதவரின் கருத்து முதலில் வாசிக்கப்படட்டும்.

பேச்சில் இன்னொன்றும் நடக்கும். ஒரு பெண் சொன்ன யோசனையைப் பத்து நிமிடம் கழித்து வேறொருவர் சொல்லி, அது அவர் பெயரில் பதிவாகும். குறிப்பெடுப்பவர் யோசனையின் பக்கத்தில் முதலில் சொன்னவர் பெயரை எழுதினால் இது நின்றுவிடும்.

## நடத்தை நெறியும் புகாரும்

2014இல் வந்த கான்ட்ரிப்யூட்டர் கவனன்ட் பரவலாகப் பயன்படும் நடத்தை நெறி. லினக்ஸ் கர்னல் 2018இல் அதைத் தழுவியது. கோப்பை நகலெடுத்து வைப்பது ஐந்து நிமிட வேலை. அதோடு நின்றுவிடும் திட்டங்கள் பல, அதனால்தான் அவற்றில் நெறி பலிப்பதில்லை. தொடர்பு முகவரி என்ற இடம் நிரப்பப்படாமலே கிடப்பதை எத்தனையோ களஞ்சியங்களில் காணலாம். இன்னும் மோசம், அந்த முகவரி திட்டத் தலைவருடையதாகவே இருப்பது. புகார் அவர் மேலேயே என்றால் வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

மூன்று பேர் குழு போதும். ஒரே பாலினத்தவர் மட்டும் இருக்கக்கூடாது. ஒருவராவது திட்டத்துக்கு வெளியிலிருந்து வரட்டும். புகார் முகவரி தனியாக இருக்க வேண்டும், அதைப் படிப்பவர்களின் பெயர்கள் வெளிப்படையாக இருக்க வேண்டும். புகார் கிடைத்தது என்ற பதில் 24 மணி நேரத்தில், முடிவு 14 நாட்களில். குழுவில் உள்ளவருக்கும் புகாருக்கும் தொடர்பிருந்தால் அவர் விலகிக்கொள்வார் என்பதை முன்கூட்டியே எழுதுங்கள். புகாரின் சூட்டில் எழுதும் விதி யாருக்கோ சாதகமாகவே தெரியும்.

விசாரணையில் செய்தியின் படம், நேரம், இணைப்பு ஆகியவற்றைச் சூட்டோடு சூடாகப் பத்திரப்படுத்துங்கள். அரட்டைச் செய்திகள் அழிக்கப்பட்டுவிடும். புகார் கொடுத்தவரையும் எதிர்த்தரப்பையும் ஒரே அறையில் உட்காரவைத்துச் சமாதானம் பேசாதீர்கள். நடவடிக்கைக்குப் படிகள் இருக்கட்டும். கான்ட்ரிப்யூட்டர் கவனன்ட்டின் 2.0 பதிப்பு நான்கு படிகளைத் தருகிறது: திருத்தம், எச்சரிக்கை, தற்காலிகத் தடை, நிரந்தரத் தடை. படிகள் இல்லாத குழு, தடை என்பது பெரிய தண்டனை என்று தயங்கி ஒன்றுமே செய்யாமல் விட்டுவிடும். "அவர் இல்லாவிட்டால் அந்தப் பகுதியை யார் பார்ப்பது" என்ற வாதம் நிச்சயம் வரும். அவரால் விலகிப்போன பங்களிப்பாளர்களின் நிரல் எந்தக் களஞ்சியத்திலும் இல்லை, அதனால் அந்த இழப்பை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அந்தக் கேள்விக்கு விடையைச் சாவிப் பட்டியலில் மாற்று ஆளாகச் சேர்த்து வையுங்கள், புகாருக்கு முன்பே.

குழுவில் உள்ள பெண்ணையே எல்லாப் புகாருக்கும் முன்னிறுத்தாதீர்கள். இது மனதை அரிக்கும் வேலை. ஓராண்டுக்கு மேல் ஒருவர் இருக்க வேண்டாம்.

## பெயர், மின்னஞ்சல், அடையாளம்

கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவியின் ஒவ்வொரு கமிட்டிலும் பெயரும் மின்னஞ்சலும் நிரந்தரமாகப் பதிவாகின்றன. பழைய கமிட்டை மாற்றினால் அதன் ஹாஷும் (அடையாளக் குறியும்) அதற்குப் பின்வரும் எல்லா ஹாஷும் மாறிவிடும் என்பதால் யாரும் மாற்ற ஒப்பமாட்டார்கள். எனவே முதல் கமிட்டுக்கு முன்பே சொல்லுங்கள்: சொந்த மின்னஞ்சலுக்குப் பதில் கிட்ஹப் தரும், சொந்த முகவரியை மறைக்கும் நோரிப்ளை முகவரியைப் பயன்படுத்தலாம். தொல்லைக்கு ஆளாகக்கூடியவருக்கு இந்த ஒரு வரி பெரிய காப்பு.

பெயர் மாற்றிக்கொண்டவருக்கு, கமிட்டில் உள்ள பெயருக்குப் பதில் வேறு பெயரைக் காட்டச் செய்யும் மெயில்மேப் கோப்பு உதவும். ஆனால் எழுதும் விதத்தில் கவனம் தேவை. புதிய பெயர், புதிய மின்னஞ்சல், பழைய பெயர், பழைய மின்னஞ்சல் என்று நான்கையும் ஒரே வரியில் எழுதினால், மறைக்க விரும்பிய பழைய பெயரைக் களஞ்சியத்தின் முதல் பக்கத்திலேயே ஒட்டியதாகிவிடும். புதிய பெயரையும் கமிட்டில் உள்ள மின்னஞ்சலையும் மட்டும் எழுதினால் போதும். அந்த மின்னஞ்சலோடு வரும் எல்லாக் கமிட்டுகளும் புதிய பெயரில் தெரியும். பழைய பெயர் மின்னஞ்சலுக்குள்ளேயே இருந்தால் இதுவும் முழுத் தீர்வாகாது, அதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பதிப்புரிமை வரிகள், நன்றிப் பக்கம், ஆசிரியர் கோப்பு, பழைய வெளியீட்டுக் குறிப்புகள் ஆகியவற்றையும் தேடித் திருத்துங்கள். அவரே இஷ்யூ போட்டுக் கேட்க வேண்டியிருந்தால் அது ஊரறியச் செய்தியாகிவிடும். தனி மடலில் கேட்டால் பராமரிப்பாளர் அமைதியாகச் செய்துவிடுவார் என்பதைப் பங்களிப்பு வழிகாட்டியில் எழுதிவையுங்கள்.

கையொப்ப வரியில் உண்மைப் பெயர் வேண்டும் என்று கேட்கும் திட்டங்கள் இன்னும் உண்டு. லினக்ஸ் கர்னல் 2023இல் அந்தச் சொல்லை விட்டு, அறியப்பட்ட அடையாளம் போதும் என்று மாற்றியது. உங்கள் ஆவணத்தையும் மாற்றுங்கள். ஜிபிஜி சாவிக்கு நேரில் சந்தித்து அரசு அடையாள அட்டை காட்டச் சொல்லும் வழக்கம், பயணம் செய்ய முடியாதவரையும் அட்டையில் வேறு பெயர் உள்ளவரையும் தடுக்கிறது. நீண்ட நாள் பங்களிப்போடு அதே சாவியால் கையொப்பமிட்டு வந்திருப்பதையும் சான்றாக ஏற்கலாம்.

## பணமும் நேரமும்

சம்பளமில்லாத உழைப்பு என்பது ஓய்வு நேரம் உள்ளவர்களுக்கான சலுகை. அவுட்ரீச்சி ஆண்டுக்கு இருமுறை, மூன்று மாதம், வீட்டிலிருந்தே செய்யும் பயிற்சிக்கு 7,000 டாலர் உதவித்தொகை தருகிறது. வழிகாட்டியாகத் திட்டத்திலிருந்து ஒருவர் முன்வர வேண்டும். அவர் வாரம் குறைந்தது ஐந்து மணி நேரமாவது ஒதுக்க முடிந்தால் மட்டும் விண்ணப்பியுங்கள். அடிக்கடி தவறுவது பயிற்சி முடிந்த பிறகுதான்: மூன்று மாதம் முடிந்ததும் கைகுலுக்கி அனுப்பிவிடுகிறார்கள். கடைசி வாரத்திலேயே ஏணியின் எந்தப் படியில் அவர் நிற்கிறார் என்று பார்த்து, தகுதி இருந்தால் அந்த வாரமே உரிமையைக் கொடுங்கள்.

## கைமாற்றும் விதம்

வெளியீட்டுப் பொறுப்பை மாற்றுவதை எடுத்துக்கொள்வோம். முதல் வெளியீட்டில் புதியவர் அருகிலிருந்து பார்த்து ஒவ்வொரு கட்டளையையும் எழுதிக்கொள்கிறார். அந்தக் குறிப்புதான் இனி வெளியீட்டு ஆவணம். இரண்டாவதில் அவர் செய்கிறார், பழையவர் பார்க்கிறார். மூன்றாவதில் தனியாகச் செய்கிறார், சொந்தச் சாவியால் கையொப்பமிடுகிறார். முன்கூட்டியே அந்தச் சாவியின் கைரேகை எண் திட்டத்தின் பக்கத்தில் வெளியாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் லினக்ஸ் விநியோகங்கள் தொகுப்பைச் சந்தேகித்து நிராகரிக்கும், பழி புதியவர் மேல் விழும். பழைய சாவியை யாரிடமும் கொடுக்காதீர்கள்; ஆளுக்கொரு சாவி, விலகும்போது ரத்து.

ஒரே பெண்ணை ஒரே நேரத்தில் நடத்தைக் குழு, மாநாட்டுக் குழு, வழிநடத்தும் குழு என்று எல்லாவற்றிலும் உட்காரவைப்பது ஒப்புக்கு வைப்பதைவிடக் கொடியது. ஓராண்டில் அவர் களைத்துப் போவார், "முயன்று பார்த்தோம், நிலைக்கவில்லை" என்று பேச்சு வரும். ஒருவருக்கு ஒரு பொறுப்பு, கூடவே இணைப் பராமரிப்பாளர் ஒருவர், இரண்டாண்டு வரம்பு. இடம் கொடுக்கும்போது குறைந்தது இரண்டு பேருக்காவது சேர்த்துக் கொடுங்கள். தனியாளாக இருப்பவர் தன் பாலினத்தின் பிரதிநிதியாகவே பார்க்கப்படுவார், அவரது ஒவ்வொரு தவறும் எல்லோர் பெயரிலும் எழுதப்படும்.

பழைய தலைவர் செய்ய வேண்டியது ஒன்று பாக்கியிருக்கிறது. உரிமையைக் கொடுத்த பிறகும் ஒவ்வொரு இஷ்யூவிலும் முதலில் பதில் எழுதிக்கொண்டிருந்தால், எல்லோரும் அவரையே கேட்பார்கள். புதியவர் பெயரளவில் மட்டும் தலைவர். முதல் 60 நாட்களுக்குப் பழைய தலைவர் பொதுவெளியில் அந்தப் பகுதியைப் பற்றி எழுதாமல், தன்னிடம் வரும் கேள்விகளுக்கு "இதை முடிவு செய்பவர் இப்போது அவர்" என்று பெயரைக் குறிப்பிட்டு ஒரே வரியில் பதில் தரட்டும். 61ஆம் நாள் தன் அட்மின் உரிமையைத் தானே நீக்கிவிட்டு, சாவிப் பட்டியலில் அந்த வரியைத் திருத்தி, "எப்படிக் கிடைத்தது" என்ற பத்தியில் எந்த விதியின்படி என்று எழுதட்டும்.